உடப்புத் திரௌபதையும் செஞ்சி மையமும்: ஓர் ஐகாரத்தை முன்வைத்து

சிலாபத்துக்கு வடக்கே, முந்தல் நீரேரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் உடப்பின் பழைமையைப் பேசுவோர் முதலில் கல்லைத்தான் தேடுகின்றனர். அயலிலுள்ள முன்னேசுவரத்தில் ஆறாம் பராக்கிரமபாகுவின் 15ஆம் நூற்றாண்டுச் சாசனம் இருக்கையில் அந்த ஆசை இயல்பே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்தே தொன்மையை அளந்தது. ஆனால் பாலஸ்தாபனம், திருப்பணி, கும்பாபிஷேகம் என்று தலைமுறைதோறும் புதுப்பிக்கப்படும் கோயிலில் சுவரின் வயது வழிபாட்டின் வயதாகாது. உடப்பில் காப்பாற்ற வேண்டிய பழஞ்சின்னம் சுவரில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்பது என் துணிபு.

இங்கே அல்ஃப் ஹில்டபெய்டலோடு முரண்படாமல் முடியாது. திரௌபதி வழிபாடு பற்றிய அவருடைய இரு தொகுதிகளும் (1988, 1991) இத்துறையின் அடித்தளம். அவற்றைத் தள்ளிவிட்டு எவரும் எழுத இயலாது. செஞ்சி வட்டாரத்தைக் கருநிலமாகவும் மேலச்சேரிக் கோயிலை மூலமாகவும் கொண்டு, பாரதப் பிரசங்கம், தெருக்கூத்து, கோயிற்சடங்கு மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவர் விரித்துக் காட்டினார். செஞ்சியைப் பற்றிய அளவில் அது அசைக்க முடியாத ஆய்வு. சிக்கல் அதற்கு வெளியே தொடங்குகிறது. மையம் என்று ஒன்றை நாட்டிவிட்டால், மற்ற ஊர்களெல்லாம் அங்குள்ள எது தம்மிடம் இல்லை என்பதாலேயே அளக்கப்படுகின்றன. கிழக்கிலங்கைப் பாண்டிருப்பில் வனவாசத்தைத் தொழில்முறைக் கூத்தர் ஆடுவதில்லை. அடியவர்களே பாண்டவராகித் தெருவில் நடக்கின்றனர். இதைக் குறைந்துபோன கூத்து என்பதா, வேறொரு வடிவம் என்பதா? அங்கு வழிபாட்டைக் கொணர்ந்தவனாகச் சொல்லப்படும் தாதன் கடல்கடந்து வந்தவன். உடப்பாரும் தம் முன்னோர் இராமேசுவரக் கரையிலிருந்து வந்தவர் என்றே சொல்கின்றனர். இரு மரபிலும் செஞ்சி பேசப்படுவதில்லை.

இனி அந்த ஐகாரம். உடப்புக் கோயிலின் பெயர் ருக்மணி சத்தியபாமா சமேத பார்த்தசாரதி திரௌபதையம்மன் ஆலயம். முதலில் நிற்பவர் பார்த்தசாரதி. அது தனியே ஆராயத்தக்கது. 'திரௌபதை' என்ற வடிவத்தைப் பாருங்கள். வடமொழி ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும்: சீதா, சீதை. ஈகார ஈறு இகரமாகக் குறுகும்: நதீ, நதி. நன்னூல் சொல்லும் விதி இதுவே. அதன்படி திரௌபதீ, 'திரௌபதி'தான் ஆக வேண்டும். ஆகவே 'திரௌபதை' ஏட்டு வழியில் வந்த சொல்லன்று, வாய்வழி வந்தது. பாண்டிருப்பிலும் அவள் திரௌபதைதான். தீவின் இரு எதிர்க்கரைகளும் ஒரே வடிவத்தைப் பேணுவதைத் தற்செயல் என்று விட எனக்கு மனமில்லை. செஞ்சியைத் தொடாத ஒரு கடல்வழி மரபின் தடம் இது என்றே கொள்கிறேன்.

ஒரே எழுத்தின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பது நியாயம். 'துரோபதை' தமிழகத்துப் பெரிய எழுத்துக் கதைப்பாடல்களிலும் உண்டு. அந்த அச்சுப் புத்தகங்கள் கப்பலேறி இங்கு வந்திருக்கலாம். அப்படியானால் என் கடல்வழி மரபு 19ஆம் நூற்றாண்டைத் தாண்டாது. தாதன் கதையில் வரும் எதிர்மன்னசிங்கனை யாழ்ப்பாணத்து அரசனாக்கி, வழிபாட்டை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுபோவது எளிது. பெயரொற்றுமை ஒன்றை நம்பி அதைச் செய்ய மாட்டேன்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொரு சொல். ஆடியில் 18 நாள் விழாவின் முடிவில் நடக்கும் நெருப்புச் சடங்கை இராமநாதபுரம், மதுரைப் பக்கத்தார் 'பூக்குழி' என்பர். செஞ்சிப் பக்கம் 'தீமிதி'. சேதுக்கரை மரபு உண்மையானால் உடப்பிலும் பூக்குழி என்றல்லவா வழங்க வேண்டும்? விழா விஞ்ஞாபனங்கள் சொல்வதோ 'தீமிதிப்பு'. ஈழத்துப் பத்திரிகை வழக்கு ஊர்ச்சொல்லை மூடிவிட்டதா, அல்லது இந்த ஓரிடத்தில் ஹில்டபெய்டல்தான் சரியா? பழைய விஞ்ஞாபனங்கள் ஊர் வீடுகளின் பெட்டிகளில் கிடந்தால், அடுத்த திருப்பணிக்குமுன் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.