தேடலின் வேகமும் மறதியின் விலையும்: இன்பாக்ஸ் ஒழுங்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

நிரம்பி வழியும் இன்பாக்ஸை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆய்வாளர்களில் ஒரு சாரார் நெடுநாளாக ஒரே விடையைச் சொல்லிவருகிறார்கள்: கோப்புறை போட்டு அஞ்சல்களைப் பிரிப்பது வீண்வேலை; எல்லாவற்றையும் கிடந்தபடியே விட்டுவிட்டு, வேண்டும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது ஸ்டீவ் விட்டேக்கர் குழுவினர் 2011இல் வெளியிட்ட கட்டுரை. அதன் தரவுகளில் எனக்கு ஐயம் இல்லை. அவற்றிலிருந்து வருவித்துக்கொண்ட அறிவுரையே பிழையானது என்பது என் வாதம்.

அந்த ஆய்வு, ஐபிஎம் உருவாக்கிய மின்னஞ்சல் மென்பொருளை நெடுங்காலம் பயன்படுத்திய 345 பேரின் செயல்களைப் பதிவுசெய்தது. பழைய அஞ்சலைக் கண்டெடுக்க அவர்கள் செய்த 85,000க்கும் மேற்பட்ட முயற்சிகள் அதில் அடங்கும். தேடல்வழி சென்றவர்களுக்குச் சராசரியாக 17 விநாடி போதுமானதாக இருந்தது. கோப்புறைவழி சென்றவர்களுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடித்தது. மெனக்கெட்டுப் பிரித்து வைத்தவர்களுக்கு அஞ்சல் கிடைக்கும் வாய்ப்பும் கூடவில்லை. ஒரே மென்பொருளை வைத்து எடுத்த முடிவு என்ற குறையை ஒதுக்கிவிட்டாலும், இதுவரை மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அங்கே அளக்கப்பட்டது எது? ஒருவர் ஓர் அஞ்சலைத் தேடத் தொடங்குகிறார் என்றால், அப்படி ஓர் அஞ்சல் வந்தது அவர் நினைவில் இருக்கிறது என்று பொருள். நினைவிலிருந்தே நழுவிவிட்ட அஞ்சல் எந்த முயற்சியையும் தோற்றுவிப்பதில்லை. ஆகவே 85,000இல் ஒன்றாகவும் அது பதிவாக வழியில்லை. ஓர் இதழாசிரியருக்கு வரும் அஞ்சலை எடுத்துக்கொள்வோம். தலைப்பு ‘மறு: பொங்கல் வாழ்த்து’. நான்கு வரி நலம் விசாரிப்புக்குப் பிறகு, ‘மெய்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்’ என்று ஒரு வரி. வியாழன் மாலை அந்த வரி அவர் நினைவுக்கு வந்தால் தேடல் உடனே எடுத்துக் கொடுத்துவிடும். வராவிட்டால்? எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்? உரையாடல் இழையாகச் சுருட்டிவைக்கும் வசதி இந்தச் சிக்கலைக் கூட்டவும் கூடும்: புதிய வேலை பழைய தலைப்பின் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. 17 விநாடியை மேற்கோள் காட்டுவோர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். பயனர்கள் மிகுதியாகக் கையாண்ட வழி தேடலும் அன்று, கோப்புறையும் அன்று. பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்ப்பதே அது. தேடலை மையமாகக் கொண்ட மென்பொருள்கள் இப்பழக்கத்தைப் புறக்கணிப்பதாக ஆய்வாளர்களே குறிப்பிடுகிறார்கள். உருட்டுபவரின் நோக்கத்தைப் பதிவேடு சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், விட்டேக்கரும் கேண்டஸ் சிட்னரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. முடியாத வேலையைக் கோப்புறைக்குள் போட்டால் கண்ணில் படாது, மறந்துபோகும் என்ற அச்சத்தால் அதை இன்பாக்ஸிலேயே விட்டுவைத்த அலுவலர்களை அதில் காண்கிறோம். 2006இல் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் 600 அஞ்சல்பெட்டிகளை ஆராய்ந்தபோது, சேமிப்பு பத்து மடங்காகப் பெருகியிருந்தும் இன்பாக்ஸின் அளவு 1996இல் இருந்ததை ஒட்டியே இருந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மக்கள் இன்பாக்ஸைக் கிடங்காகக் கருதவில்லை, நிலுவைப் பட்டியலாகவே நடத்துகிறார்கள் என்று கொள்வதே பொருத்தம். கிடங்குக்கு உரிய அளவுகோலால் நிலுவைப் பட்டியலை மதிப்பிட்டதுதான் அந்த அறிவுரையின் பிழை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளியது. பொருள்வாரிக் கோப்புறைகளைக் கைவிடலாம். அவ்வளவில் 2011 ஆய்வு சரியே. ஆனால் நிலைவாரியாக இரண்டு இடங்கள் கட்டாயம் வேண்டும்: ‘நான் செய்ய வேண்டியவை’, ‘பிறர் பதிலுக்குக் காத்திருப்பவை’. திறந்த அஞ்சலை முடிவெடுக்காமல் மூடக்கூடாது. இரண்டு நிமிடத்தில் முடியுமானால் அப்போதே பதில், முடியாவிட்டால் இவ்விரண்டில் ஓரிடம், மற்றதெல்லாம் காப்பகம். காப்பகத்துக்குப் போனதைத் தேடல் பார்த்துக்கொள்ளும். 2004இல் தேடலையே முன்னிறுத்தி வந்த ஜிமெயில்கூட, குறித்த நாளில் அஞ்சலை மீண்டும் கண்முன் நிறுத்தும் ஒத்திவைப்பு வசதியை 2018இல் சேர்த்துக்கொண்டது. தேடல் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் அதற்குத் தேவையே எழுந்திராது.

பணிப்பட்டியலுக்குத் தனிச் செயலி இருக்கிறதே என்பார்கள். அஞ்சலிலிருந்து அதற்கு எடுத்தெழுதும் வேலையைச் சோர்வில்லாமல் நாள்தோறும் செய்பவர்களுக்கு இக்கட்டுரை தேவையில்லை. செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தரம்பிரித்துவிடும் என்ற வாதமும் வலுவற்றது. எந்த வேலைக்கு ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது என்ற முடிவு பெறுநருடையது.

மின்னஞ்சல் ஒழுங்கை இனி ஆராய்பவர்கள், கண்டெடுக்க ஆன விநாடிகளோடு, பதில் போகாமல் காலம் கடந்துபோன அஞ்சல்களையும் எண்ண வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை, ‘எதையும் பிரிக்காதீர்கள், தேடிக்கொள்ளுங்கள்’ என்பதை ஆய்வு முடிவாக யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.