நகரத்தின் அறியப்படாத வாசல்கள்

சென்னை மாநகரின் வரலாறு என்றதும் 1639ஆம் ஆண்டும் புனித ஜார்ஜ் கோட்டையுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆட்சியாளர் எழுப்பிய மாளிகைகளும் மன்றங்களும் நூல்களில் இடம்பெற்ற அளவுக்கு, எளிய மக்கள் பிழைப்பை நாடி உண்டாக்கிக்கொண்ட இடங்கள் இடம்பெறவில்லை. பழைய புத்தகக் கடை, ஓவியர் பட்டறை, தெருவோர உணவுக் கடை ஆகியவை அத்தகையன. தேடிச் செல்வோருக்கு மட்டுமே புலப்படும் இவ்வாசல்கள் வழியாகத் தமிழ் நூலுலகும் கலையுலகும் பெற்ற கொடைகள் மிகப் பல. சென்னையில் அவற்றுள் மூன்றை இங்கே காணலாம்.

மூர் சந்தை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிராட்வே பகுதியில் இருந்த பாப்ஹாம் சந்தை நெரிசலும் சுகாதாரக் கேடும் மிகுந்து கிடந்தது. அங்கிருந்த வணிகர்களுக்கு மாற்றிடம் தர மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் முனைந்தார். சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்து 1898இல் அடிக்கல் நாட்டப்பெற்ற புதிய சந்தை 1900இல் திறக்கப்பெற்றது. இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுந்த அச்செந்நிறக் கட்டடத்திற்கு அவர் பெயரே நிலைத்தது.

கூண்டுப் பறவைகள், பழைய சாமான்கள், இசைத்தட்டுகள் என எல்லாம் விற்ற அச்சந்தையில் அறிஞர்களை ஈர்த்தவை பழைய புத்தகக் கடைகளே. பல வீடுகளிலிருந்து கழிக்கப்பட்ட நூல்களும் இதழ்த் தொகுதிகளும் அங்கே வந்து சேர்ந்தன. மேலட்டை கிழிந்த பள்ளிப் பாடநூலுக்கு அடியில் அரிய முதற்பதிப்பு ஒன்று கிடக்கலாம். பொறுமையாகத் தேடவும் தளராமல் பேரம் பேசவும் வல்லவரே அதனை அடைந்தனர்.

அவ்வாறு அடைந்தவர்களுள் கோட்டையூர் ரோஜா முத்தையா குறிப்பிடத்தக்கவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், சென்னையில் தொழில் பழகிய நாளில் மூர் சந்தைப் புத்தகக் கடைகளுக்குச் செல்லத் தொடங்கினார். அங்கே பற்றிய ஆர்வம் வாழ்நாள் முழுவதும் தணியவில்லை. நூல்களோடு நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என மற்றவர் குப்பையென ஒதுக்கியவற்றையும் அவர் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அதனை அடித்தளமாகக் கொண்டு சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. அத்தொகுப்பில் இருந்தவை சுமார் 1,00,000 உருப்படிகள். இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் எவரும் அந்நூலகத்தைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

மூர் சந்தைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. கடைக்காரரின் நினைவையே நூற்பட்டியலாகக் கொண்டிருந்த சந்தை அது. எரிந்தவை இன்னவை என்று கணக்கிட வழியில்லாது போயிற்று. வணிகர்கள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். சந்தை நின்ற இடத்தில் இப்போது புறநகர் இரயில்கள் வந்து செல்கின்றன. ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்ற பெயர் மட்டும் அந்நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சோழமண்டலம்

எழும்பூரை ஒட்டியுள்ள கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைத்தொழிற் பள்ளியின் வழிவந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையில் 1929 முதல் 1957 வரை இருந்தார். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் பொறுப்பேற்றார். பயின்று வெளியேறும் ஓவியர் தம் ஓவியத்தை விற்று உயிர்வாழ இயலாத நிலையைப் பணிக்கர் கண்டார். மெழுகுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்கும் வழியை அவர்கள் மேற்கொண்டனர். அவ்வருவாயைக் கொண்டு நகருக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணற்பரப்பில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

கைத்தொழில் வயிற்றுக்கு, ஓவியம் மனத்திற்கு என்ற இந்த ஏற்பாடு புரவலரை எதிர்பாராமல் கலைஞர் தாமே தம் சுதந்திரத்தை ஈட்டிக்கொண்டதற்குச் சான்று. சாதகக் கட்டங்களையும் எழுத்து வடிவங்களையும் கொண்டு பணிக்கர் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை, எழுத்தையே ஓவியமாக்கியது. அதே கலைப்பள்ளியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் (1938-2008) சிற்றிதழ்களுக்கும் கவிதை நூல்களுக்கும் அளித்த கோட்டோவியங்களையும் தலைப்பெழுத்துகளையும் கவிஞர்கள் நன்கறிவர். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடராக வந்தபோது அதற்கு வரைந்தவரும் அவரே.

பர்மா பசாரும் அத்தோவும்

பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டது; தொடர்ந்து வாணிகம் நாட்டுடைமையாயிற்று. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு கப்பலேறினர். அவர்களின் பிழைப்புக்காகத் துறைமுகத்தின் எதிரே, இராஜாஜி சாலையோரத்தில் 1969இல் பர்மா பசார் அமைந்தது. அயல்நாட்டுப் பொருள்கள் மலிவாகக் கிடைக்கும் கடைவரிசை என்றே நகரம் அதனை அறிந்தது. அதன் பின்புறமுள்ள செகண்ட் லைன் பீச் தெருவின் தள்ளுவண்டிகளில் இன்னொரு வரலாறு பரிமாறப்பட்டது.

மஞ்சள் நூடுல்சுடன் நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவது அத்தோ. ‘பிசைந்து கலந்தது’ என்னும் பொருளுடைய பர்மியச் சொல்லின் சென்னை வடிவம் அது. உடன் வருவது வாழைத்தண்டு சேர்ந்த சூடான சாறு. உடைமைகளைத் துறைமுகத்தில் இழந்துவிட்டு வந்தவர்களிடமிருந்து எவராலும் பறிக்க முடியாதது கைப்பக்குவம். அயலகத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் ஆவணக் காப்பகத்திற்குச் செல்லுமுன் ஒரு மாலைப்பொழுது அவ்வண்டிகளின் அருகே நிற்பது பயன் தரும். அங்கே பரிமாறுவோரிடம் கேட்டறிய வேண்டிய இடப்பெயர்வின் கதைகள் உள்ளன. சொல்லக்கூடிய தலைமுறையோ குறைந்துவருகிறது.

மூன்று இடங்களும் பிழைப்பின் நெருக்கடியில் தோன்றியவை. அவற்றுள் சோழமண்டலம் தன் வரலாற்றைத் தானே பேணி, 2009இல் அருங்காட்சியகமும் கண்டது. அத்தோ வண்டிகள் நாவின் நினைவை நம்பி நிற்கின்றன. மூர் சந்தையோ எழுதப்படும் முன்பே எரிந்தது. அதன் ஏடுகளுள் ஒரு பகுதி எஞ்சியது, பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் அவற்றைப் பொருட்படுத்தியதால்தான்.

தேநீர்க்கடைப் பெஞ்சிலும் அச்சக வாசலிலும் கூடி வளர்ந்தவை தமிழ்நாட்டின் இலக்கிய வட்டங்கள். தத்தம் ஊரின் மெஸ், அச்சகம், பழைய புத்தகக் கடை, பலகை எழுதும் பட்டறை ஆகியவற்றின் வரலாற்றை, அவற்றை நடத்துவோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது அவ்வட்டங்களால் எளிதில் இயலும் பணி. நல்ல கவிதைக்கு அடுத்தபடியாக ஊருக்கு அவை விட்டுச்செல்லக்கூடிய செல்வமும் அதுவே.