நிரல்வழி ஒலிப்பதிவு

ஒலிவாங்கியில் விழும் பேச்சையோ இசையையோ கணினி நிரலின் கட்டளைகளால் எண்களாக வாங்கிக் கோப்பில் சேமிப்பது நிரல்வழி ஒலிப்பதிவு. குரல்வழித் தேடல், பேச்சை எழுத்தாக்குதல், இணையவழிக் கூட்டம் ஆகியவற்றுக்கு முதல் படி இதுவே. இந்தியாவில் இத்துறை சார்ந்த மைய அரசின் முயற்சிகள் தில்லியிலிருந்து நடத்தப்படுகின்றன. இந்திய மொழிகளுக்குக் குரல் தரவு திரட்டுவது அவற்றுள் முக்கியமானது.

செயல்முறை

காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஒலிவாங்கி மின்னழுத்தமாக்குகிறது. ஒலி அட்டையிலுள்ள மாற்றி அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வோர் அளவீடும் ஒரு மாதிரி. வழக்கமான தொலைபேசியில் நொடிக்கு 8,000 மாதிரிகள், பேச்சுத் தரவில் பெரும்பாலும் 16,000, குறுந்தட்டில் 44,100. ஓர் அலைவெண்ணைப் பிடிக்க அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும். எனவே 8,000 மாதிரிகள் எடுத்தால் 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி தங்காது. தொலைபேசியில் ‘ஸ’ போன்ற உரசொலிகள் மங்கிக் கேட்பது இதனால்தான்.

நிரலுக்கு நான்கு வேலைகள்: கருவியைத் திறப்பது, மாதிரி வீதத்தையும் பிட் அளவையும் குறிப்பது, இடையகத்தில் வந்து நிரம்பும் மாதிரிகளை எடுத்துக்கொண்டே இருப்பது, முடிவில் கோப்பை மூடுவது. 16,000 வீதத்தில் 16 பிட் ஒற்றைத் தடப் பதிவு நொடிக்கு 32,000 பைட் இடம் கொள்ளும். 1,024 மாதிரிகள் கொண்ட இடையகம் 64 மில்லிநொடியில் நிரம்பிவிடும். அதற்குள் நிரல் எடுத்துக்கொள்ளாவிட்டால் சில மாதிரிகள் தொலைந்து, கேட்கும்போது ‘டிக்’கென்ற வெட்டு விழும். அதனால் பதிவு வேலையை நிரலின் தனி இழையில் ஓடவிடுவது வழக்கம்.

மூடும் வேலையும் எளிதாக விட்டுவிடக்கூடியதல்ல. வேவ் கோப்பின் தலைப்பகுதி பொதுவாக 44 பைட். ஒலித் தரவின் மொத்த நீளம் அதில் இருக்க வேண்டும். அந்த நீளமோ பதிவு முடிந்த பிறகே தெரியும். நிரல் நடுவில் நின்றுபோனால், ஒலி வட்டில் இருந்தும் பல இயக்கிகள் அக்கோப்பை வெறுமையானதாகவே காட்டும்.

வளர்ச்சி

ஒலியைத் துடிப்புகளாகக் குறியிடும் பி.சி.எம். முறையை அலெக் ரீவ்ஸ் 1937இல் வகுத்தார். வீட்டுக் கணினியில் மைக் செருகிப் பதிவு செய்வது பரவ 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வழிசெய்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட அந்த அட்டை 8 பிட் அளவில் பதிவு செய்தது. 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் வேவ் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தன. இயங்குதளத்துக்கு ஒரு நிரல் என எழுதும் தொல்லையை, ராஸ் பென்சினாவும் ஃபில் பர்க்கும் 2001இல் அறிமுகம் செய்த போர்ட்ஆடியோ நிரலகம் குறைத்தது. பைத்தான் நிரலர்கள் பயன்படுத்தும் பைஆடியோ அதன்மீது கட்டப்பட்டது.

உலாவியில் மைக்கைத் திறக்கத் தொடக்கத்தில் ஃபிளாஷ் தேவைப்பட்டது. குரோம் 2012இல் அவ்வசதியைத் தானே அளித்தது. 2015 இறுதியில், மறையாக்கம் இல்லாத தளங்களுக்கு அதை மறுத்தது. அதே ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 6.0 முதல், மைக்கைத் தொடும் முன் செயலி பயனரிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

தில்லியில்

தில்லி வானொலி நிலையம் 1936 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் அதே ஆண்டு ஜூனில் வந்தது. காந்தியடிகள் 1947 நவம்பர் 12 அன்று தில்லி ஒலிபரப்பு மாளிகைக்கு வந்து குருக்ஷேத்திர அகதிகளுக்காகப் பேசினார். சரோஜ் நாராயண்சுவாமி வாசித்த தமிழ்ச் செய்திகளும் தில்லியிலிருந்தே ஒலிபரப்பாயின. நிலையத்தின் ஒலிக்கூடம் வெளியோசை புகாதபடி அமைந்தது. ஒலியளவு காட்டும் முள்ளைப் பார்த்துப் பொறியாளர் அளவைக் கூட்டிக் குறைப்பார். நிரல்வழிப் பதிவில் பேசுபவர் தம் வீட்டிலோ கடையிலோ இருந்து கைப்பேசியில் பேசுகிறார். பொறியாளர் பார்த்த வேலை நிரலுக்கு வருகிறது: மாதிரிகளின் உச்ச அளவைக் கணக்கிட்டு, குரல் தாழ்ந்ததா, எல்லை மீறிச் சிதைந்ததா என்று அதுவே சொல்ல வேண்டும்.

இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தை மைய அரசின் மின்னணுவியல் துறை 1991இல் தொடங்கியது. அதன் வழிவந்த முயற்சியான பாஷிணி 2022 ஜூலை 4 அன்று காந்திநகரில் தொடங்கிவைக்கப்பட்டது. தில்லியிலுள்ள டிஜிட்டல் இந்தியா கழகத்தின் ஒரு பிரிவு அதை நடத்துகிறது. பாஷிணியின் பாஷா தான் தளத்தில் எவரும் குரல் வழங்கலாம். ‘போலோ இந்தியா’ பகுதியில் திரையில் ஒரு வாக்கியம் தோன்றும். அதை வாசித்துப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்து அனுப்பலாம். பிறர் அனுப்பியவற்றைச் சரிபார்க்கவும் வழியுண்டு. 2023 டிசம்பரில் காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்தி உரை, பாஷிணி வழியே உடனுக்குடன் தமிழில் கேட்கச் செய்யப்பட்டது.

குரல் திரட்டும் பணி தில்லிக்கு வெளியேயும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு, கைப்பேசிச் செயலி வழியே குரல் திரட்டி, 12 மொழிகளில் 1,684 மணி நேரப் பேச்சு கொண்ட ‘கத்பாத்’ தொகுப்பை உருவாக்கியது. அது வாசித்த பேச்சு. எழுதியதை வாசிக்கும்போது தயக்கமும் திருத்தமும் பிறமொழிச் சொற்கலப்பும் குறைவு. அதில் மட்டும் பழகிய மென்பொருள் இயல்பான உரையாடலில் தடுமாறும். ஆகவே 2024இல் வெளியான ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பின் 7,348 மணி நேரத்தில் வாசிப்பு 9 விழுக்காடே. 74 விழுக்காடு முன்தயாரிப்பின்றிப் பேசியது, எஞ்சியது உரையாடல். 145 மாவட்டங்களில் 16,237 பேர் 22 மொழிகளில் பேசியவை அவை.

ஒப்புதல்

நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காட்டக்கூடிய குரல் பதிவுக்கும் பொருந்தும். இன்ன பயனுக்கு என்று தெரிவித்தே ஒப்புதல் பெற வேண்டும். தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டு திரட்டிய தரவுக்கு, அது முறைப்படி பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு திரட்டியவரையே சேரும். இயங்குதளம் கேட்கும் மைக் அனுமதி இதற்கு ஈடாகாது.