கண்ணைக் கட்டி வானத்தில் விட்டால்...

போகி அன்று விடியற்காலையில் மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பழைய பாய், டயர் எல்லாம் எரிந்த புகையும் மார்கழிப் பனியும் கலந்து எதிர் பிளாட்பாரம்கூடத் தெரியாது. ரயிலுக்குப் பிரச்சினை இல்லை, தண்டவாளம் இருக்கிறது. அதே புகைக்குள் இறங்க வேண்டிய விமானத்துக்கு? 2018 போகி அன்று மீனம்பாக்கத்தில் பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

மீஞ்சூருக்கு மேற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. நம் பக்கத்துக்காரர்களுக்கு அது கார் ரேஸ் நடந்த இடம், அவ்வளவுதான். ஆனால் 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பியூஃபைட்டர் விமானங்கள் அங்கே நின்றன. அவற்றை ஓட்டியவர்கள் பெரும்பாலும் நம் காலேஜ் பையன்கள் வயதுதான். மேகத்துக்குள் போனால் என்ன செய்வது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? முதலில் புத்தகமா, முதலில் விமானமா? சாதாரணக் கேள்வி போலத் தெரியும். இதற்கு விடை கிடைப்பதற்குள் நிறைய உயிர் போயிருக்கிறது.

ஆரம்ப கால விமானிகள் கருவிகளை நம்பவில்லை. "உட்கார்ந்திருக்கும் சீட்டே சொல்லிவிடும், விமானம் எப்பக்கம் சாய்கிறதென்று" என்பதுதான் அவர்கள் எண்ணம். 1926இல் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கர் வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். டாக்டர் டேவிட் மையர்ஸ் அவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லிச் சுற்றினார். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டால் ஆக்கர் தப்புத் தப்பாகச் சொன்னார். நாற்காலி நின்ற பிறகும் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகவே அவருக்குத் தோன்றியது. உள்காதில் இருக்கும் திரவம் செய்கிற வேலை இது. ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் திரும்பிக்கொண்டே இருந்தால், திரும்புவதே உறைக்காமல் போய்விடும்.

ஆக்கர் சும்மா இருக்கவில்லை. ஒரு பெட்டிக்குள் திரும்பு காட்டும் கருவியையும் சின்ன விளக்கையும் வைத்து, அதைக் கண்ணோடு பொருத்திக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது எல்லா விடையும் சரி! கருவி வழிப் பறத்தலின் முதல் தரைப் பாடம் இந்தப் பெட்டிதான் என்று சொல்லலாம். 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் மூடிய காக்பிட்டுக்குள்ளிருந்து, கருவிகளை மட்டும் பார்த்து, கிளம்பிப் பறந்து இறங்கியும் காட்டிவிட்டார். எல்லா வரலாற்றுப் புத்தகமும் டூலிட்டிலைக் கொண்டாடும். உண்மையில் பெரிய விஷயம் ஆக்கரின் நாற்காலி. "உன் உடம்பு பொய் சொல்லும்" என்பதை ஒருவன் தரையில், பத்திரமாக, தானே அனுபவித்துப் பார்க்க முடிந்தது அங்கேதான்.

ஆனால் ஒருமுறை தெரிந்துகொண்டால் போதுமா?

1934 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தனியார் கம்பெனிகளின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்துவிட்டு, தபாலை ராணுவ விமானிகளிடம் கொடுத்தார். நடுக்குளிர்காலம். தைரியத்துக்குக் குறைவில்லை, ஆனால் பலருக்கு இரவிலும் மேகத்திலும் பறந்த பழக்கம் மிகக் குறைவு. தபால் ஓட்டம் தொடங்கும் முன்பே, வழி பழகும்போதே மூன்று பேர் இறந்தார்கள். சில மாதங்களில் இறந்தவர் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது.

அந்தச் சமயத்தில்தான் எட்வின் லிங்க் என்பவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அவர் குடும்பத் தொழில் பியானோ, ஆர்கன் செய்வது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்து, தரையிலேயே சாய்ந்து திரும்பும் குட்டி விமானம் ஒன்றைச் செய்திருந்தார். பறக்கும் பள்ளிகள் அதிகம் சீண்டவில்லை, பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின (நம்ம ஊர் பொருட்காட்சியில் ராட்டினம் போல!). 1934இல் ராணுவ அதிகாரிகளைச் சந்திக்க, மூடுபனிக்குள் கருவிகளை நம்பியே நூவர்க்கில் வந்து இறங்கினார் லிங்க். ராணுவம் ஆறு பெட்டி வாங்கியது, ஒவ்வொன்றும் 3,500 டாலர். காமர்ஸ் கண்ணோடு பார்த்தால், ஒரு விமானமும் ஒரு விமானியும் போவதோடு ஒப்பிட இது சில்லறைக் காசு.

லிங்க் பெட்டி வந்ததும் ஒரு விஷயம் மாறியது. தரைப் பாடம் ஒரு பக்கம், பறத்தல் இன்னொரு பக்கம் என்று இருந்ததற்கு நடுவில் ஒரு பாலம் கிடைத்தது. காலையில் கரும்பலகையில் பார்த்ததை மாலையில் பெட்டியில் செய்து பார்த்து, மறுநாள் வானத்தில் செய்யலாம். போர்க்காலத்தில் காமன்வெல்த் நாடுகளின் தொடக்கப் பறக்கும் பள்ளிகளில் பாதி நாள் பறத்தல், பாதி நாள் வகுப்பு என்று நடத்தினார்கள். இந்தியாவில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இத்தகைய பள்ளிகள் இருந்தன. அங்கிருந்து அடுத்த கட்டத்துக்கு அம்பாலா.

நம் நாட்டில் இதன் தேவை சீக்கிரமே வந்தது. 1932 அக்டோபரில் டாடா விமானத் தபால் தொடங்கியபோது ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டினார், நெவில் வின்சென்ட் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். விமானத்தில் ரேடியோகூடக் கிடையாது, தரையைப் பார்த்துத்தான் பறந்தார்கள். 1949 ஜனவரியில் இரவுத் தபால் வந்தது. சென்னை, பம்பாய், டில்லி, கல்கத்தா நான்கிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். இருட்டில் கீழே பார்த்து ஓட்டும் கதை அத்தோடு முடிந்தது.

சரி, இன்றைக்கு? இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வாங்க இந்திய விதிகள் 40 மணி நேரக் கருவிப் பறத்தல் கேட்கின்றன, அதில் 20 மணி வரை தரையில் சிமுலேட்டரில் செய்யலாம். லிங்க் பெட்டிக்குச் சட்டமே கொடுத்த மரியாதை! ஆனால் நடைமுறையில் நிறைய மாணவர்கள் முதலில் கோச்சிங் கிளாஸ் போய் நேவிகேஷன், வானிலை, விதிமுறை எல்லாப் பேப்பரையும் 70 மார்க்குக்கு மேல் எடுத்து முடிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பறக்கும் பள்ளி. அங்கே விமானத்துக்கும் பயிற்சியாளருக்கும் காத்திருப்பு. நடுவில் மாதங்கள் ஓடிவிடும். டேபிட், கிரெடிட் விதியை மனப்பாடம் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து லெட்ஜரைத் திறப்பவனின் முழிப்பு எப்படி இருக்கும்? அவன் தப்புச் செய்தால் டிரையல் பேலன்ஸ் இடிக்கும், அவ்வளவுதான். மேகத்துக்குள் அந்த வசதி இல்லை.

1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைப் பயிற்சியாளருடன் ஏற்றி, வெளியே தெரியாதபடி செய்து சோதித்தார்கள். இருபது பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் விட்டார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

ஆகவே எல்லாவற்றையும் கலந்தே படிக்க வேண்டும் என்றும் சொல்ல முடியாது. விதிமுறைகள், வரைபடம் படிப்பது, ரேடியோ வழிகாட்டி எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் முன்பே முடிக்கலாம், முடித்தால்தான் விமானத்தில் மணிக்கணக்கு வீணாகாது. அங்கே ஓடுவது காசு! ஆனால் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குக் கண்ணை ஓட்டும் பழக்கம், ஓரிடத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பது, மேகத்தினூடே ஓடுதளத்துக்கு இறங்குவது — இவை முந்தின நாள் படித்து மறுநாள் செய்தால்தான் நிற்கும். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவையாவது பறக்க வேண்டும். மாதம் ஒருமுறை பறப்பவர் ஒவ்வொரு முறையும் மறந்ததைத் திரும்பக் கற்கவே பணம் கட்டுகிறார்.

விதிப்புத்தகம் மணிக்கணக்கைச் சரியாகக் கேட்கிறது. எழுத்துத் தேர்வு இத்தனை ஆண்டுக்குள் செல்லும் என்று ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. படித்த பாடத்துக்கும் அதைப் பறந்து பார்த்த நாளுக்கும் நடுவே எத்தனை வாரம் ஓடிற்று என்பதற்கு மட்டும் அதில் ஒரு கட்டம் இல்லை. அதை மாணவர்தான் தன் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும், ஐப்பசி அடைமழையில் பள்ளி விமானங்கள் நாள்கணக்கில் கிளம்பாமல் நிற்கப்போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு.