கப்பலேறிய பொன்

மானம் கப்பலேறிற்று என்பது நம் நாட்டு வழக்கு. 1931-ஆம் ஆண்டின் இறுதியில், இந்நாட்டுக் குடும்பங்களின் பொன்னே கப்பலேறிற்று. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து லண்டனை நோக்கி அது வாரந்தோறும் சென்றது. மும்பையில் வாழும் தமிழ் நேயர்கள் ஜவேரி பஜாரை அறிவார்கள். இந்தியாவின் ஊர்ப்புறங்களில் விற்கப்பட்ட வளையலும் அட்டிகையும் காசுமாலையும் உருக்கப்பட்டுப் பாளங்களாக மாறிச் செல்லும் வழியில் அந்த வீதிக்குப் பெரும் பங்கு இருந்தது.

இதன் காரணத்தை அறிய இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் நெல், கோதுமை, பருத்தி, சணல் ஆகிய விளைபொருள்களின் விலை மளமளவென்று சரிந்து, சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாயிற்று. விலை பாதியானபோது வரியும் பாதியாயிற்றா? இல்லை. நிலத்தீர்வை ரூபாய்க் கணக்கில் விதிக்கப்பட்டது. முன்பு பத்து மூட்டை விற்றுக் கிஸ்தி கட்டியவன் இப்போது இருபது மூட்டை விற்க வேண்டும். கடனும் வட்டியும் அவ்வாறே. நாட்டுப்புறக் கடன் சுமார் 900 கோடி ரூபாய் என்று அக்காலத்து மத்திய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டிருந்தது. கடன் கொடுத்து வந்தவர்களும் கையை மூடிக்கொண்டனர். எஞ்சியிருந்தது வீட்டுப் பெண்களின் மேனியில் கிடந்த பொன் ஒன்றுதான்.

பொன்னை நாம் அணிகலன் என்கிறோம். பொருளாதார நோக்கில் அதுவே அந்நாளைய குடும்பத்தின் சேமநிதி. பெட்டகம் வேண்டாம், கையொப்பம் வேண்டாம். நள்ளிரவில் நோய் வந்தால் விடிவதற்குள் அடகுக் கடையில் வைத்துப் பணம் பெறலாம். இந்தியர் பொன்னைப் புதைத்து வைத்து உறங்கவிடுகின்றனர் என்று மேல்நாட்டு அறிஞர் பலர் குறை கூறியதுண்டு. பொன் உறங்கவில்லை, காவல் இருந்தது என்பதே என் கருத்து.

1931 செப்டம்பர் 21-இல் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. நமது ரூபாய் 18 பென்ஸ் என்ற விகிதத்தில் ஸ்டெர்லிங்கோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், ஸ்டெர்லிங் இறங்கியபோது ரூபாயும் உடன் இறங்கிற்று. அதற்கேற்பப் பொன்னின் ரூபாய் விலை ஏறிற்று. தோலா ஒன்றுக்கு 21 ரூபாய் 3 அணா 10 பை என்று சட்டம் குறித்திருந்த பொன், அவ்வாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 30 ரூபாயாயிற்று. வாங்குவோர் ஊர் ஊராகப் புறப்பட்டனர். முதல் நிதியாண்டிலேயே 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பொன் வெளியேறிற்று.

இது துயர விற்பனையா, ஆதாய விற்பனையா என்பதில் பெரும் வாதம் எழுந்தது. அரசின் நிதி உறுப்பினராயிருந்த சர் ஜார்ஜ் ஷுஸ்டர், மக்கள் நல்ல விலைக்கு விற்று நன்மையே அடைகின்றனர் என்ற கருத்தினர். லண்டனில் அரசு செலுத்த வேண்டியிருந்த தொகைகளுக்கு இந்தப் பொன் உதவிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. தேசியத் தலைவர்களும் இந்திய வணிகர் சங்கங்களும் ஏற்றுமதிக்குத் தடை வேண்டினர், தடை வரவில்லை. விலையைக் கண்டு விற்றவரும் இருந்திருப்பர். ஆயினும், விற்ற பணம் தீர்வைக்கும் வட்டிக்கும் போனபின், மறு ஆண்டு மழை பொய்த்தால் அந்த வீட்டில் விற்க என்ன இருக்கும் என்ற கேள்விக்கு ஆதாயக் கணக்கில் விடையில்லை.

அதே ஆண்டுகளில் மற்றொரு காட்சியும் உண்டு. 1882 முதல் நாடெங்கும் இயங்கி வந்த அஞ்சலகச் சேமிப்பு வங்கிகளில் இருந்த தொகை 1930-களில் இரு மடங்குக்கு மேல் பெருகிற்று. வியப்பாகத் தோன்றலாம். மாதச் சம்பளம் பெறுவோருக்கு வேலை நிலைத்திருந்த வரையில், விலைவீழ்ச்சி ஒரு சகாயமே. ஊரில் தமையன் நகையை விற்கையில், பட்டணத்தில் குமாஸ்தாவாயிருந்த தம்பி கணக்கில் பணம் சேர்த்திருக்கக்கூடும். பிறந்த மண்ணை விட்டு வந்து மணியார்டர் அனுப்பிய குடும்பங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் கணக்குப் புத்தகம் எல்லா இடத்திலும் காவலாக அமையவில்லை. 1938 ஜூன் மாதம் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவடைத்தது. 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் பின்னரே 1962 ஜனவரி முதல் நாள் தொட்டு வைப்புநிதிக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையே ஈடு கிடைத்தது; படிப்படியாக உயர்ந்து, 2020-இல் 5 லட்சமாயிற்று.

அதே 2020-இல் பெருந்தொற்று வந்தது. ஆகஸ்டு மாதத்தில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் தரலாம் என்றிருந்த வரம்பை, வேளாண்மை அல்லாத தேவைகளுக்கு வங்கிகள் தரும் நகைக் கடன்களில் 90 விழுக்காடாக உயர்த்திற்று. அந்தச் சலுகை 2021 மார்ச் இறுதி வரை நீடித்தது.