மோதிரம் முட்டினால் அபசகுனமா? ஒரு சின்ன வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு மோதிர ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

போன சித்திரையில் சேத்தூரில் எங்கள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மத்தியான வெயில், வீடு நிறைய சொந்தக்காரர்கள். மாப்பிள்ளை மோதிரத்தைப் போடப் போகிறார், அது விரல் மூட்டில் போய் நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தார், திருகிப் பார்த்தார், ம்ஹூம்! சோப்புத் தண்ணீருக்கும் மசியவில்லை. கடைசியில் போட்டோவுக்காகச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பின்னால் இருந்து ஒரு பெரியம்மா "ஆரம்பமே முட்டுதே..." என்று சொன்னது அக்கா காதில் விழுந்துவிட்டது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: மோதிரம் நம் கல்யாணச் சடங்கில் பழைய ஆளா, புது ஆளா? சாட்சி சொல்ல எங்கள் பக்கத்து ஊர்க்காரரையே கூப்பிடலாம். ராஜபாளையம் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர், ஆண்டாள் பிறந்த ஊர். அவர் நாச்சியார் திருமொழியில் 'வாரணமாயிரம்' என்று தொடங்கும் பகுதியில், தான் கனவில் கண்ட கல்யாணத்தை ஒவ்வொரு சடங்காகச் சொல்கிறார். கூறைப்புடவை உண்டு, மணமாலை உண்டு, கையில் காப்புக் கட்டுவது உண்டு, கைப்பிடிப்பது, தீவலம், அம்மி மிதிப்பது, பொரியிடுவது எல்லாம் உண்டு. மோதிரம் மட்டும் இல்லை!

காப்பு என்பது கயிறு. கயிற்றுக்கு சைஸ் கிடையாது, கட்டுகிற கையின் அளவே அதன் அளவு. நிச்சயத்துக்கும் நம்மிடம் பழைய பெயர் நிச்சயதாம்பூலம். வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றினால் முடிந்தது. வெற்றிலை எந்தக் கையிலும் முட்டாது :-)

அப்படியென்றால் தமிழர்களுக்கு மோதிரமே தெரியாதா? நன்றாகவே தெரியும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் பழங்காலப் பொன் மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியின் உருவம். தமிழ் பிராமியில் பெயர் பொறித்த மோதிரங்களும் உண்டு. ஆனால் அந்தக் காலத்து மோதிரத்தின் முக்கிய வேலை முத்திரை குத்துவது. இன்றைய கணக்கில் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பும் சேர்ந்தது. அனுமன் சீதையிடம் கணையாழியைக் கொடுத்ததும் அடையாளத்துக்காகத்தான்.

நிச்சயத்துக்கு மோதிரம் தருவது ரோமானியர் வழக்கம். கல் பதிக்காத இரும்பு மோதிரத்தைத்தான் மணப்பெண்ணுக்கு அனுப்புவார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் கிறிஸ்தவத் திருமணங்களில் நிலைத்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

அளவு தவறிய மோதிரத்துக்கும் நம் நாட்டில் பெரிய கதை உண்டு. காளிதாசரின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் தன் பெயர் பொறித்த மோதிரத்தைச் சகுந்தலைக்குக் கொடுக்கிறான். தீர்த்தத்தில் அது விரலிலிருந்து நழுவி மீன் வயிற்றுக்குள் போய்விடுகிறது. ராஜா அவளையே மறந்துவிடுகிறான். காளிதாசர் பழியை துர்வாசர் சாபத்தின் மேல் போட்டார். எனக்கென்னவோ, ராஜா விரலுக்குச் செய்ததைப் பெண் விரலில் மாட்டியதுதான் கோளாறு என்று படுகிறது. இன்னொன்று, மகாபாரதத்தில் வரும் மூலக்கதையில் இந்த மோதிரமே கிடையாது.

நம் இலக்கியத்தில் கழல்வது மோதிரம் அல்ல, வளை. பிரிவில் பெண் மெலிவாள், வளை கழலும். திருக்குறளில் 'உறுப்புநலன் அழிதல்' அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டாளும் அரங்கனை நினைத்துத் தன் சங்கு வளை கழன்றதாகப் பாடுகிறார். எங்கள் விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கை அறுத்துச் செய்யும் வளையலை நெளிக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. ஆக, உடம்பு மாறும், நகை மாறாது என்பது நம் ஆட்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அதை அவர்கள் அன்புக்கு அடையாளமாகச் சொன்னார்களே தவிர, அபசகுனமாகச் சொல்லவில்லை.

சரி, 'சைஸ் நம்பர்' எப்போது தேவைப்பட்டது? ஆசாரி விரலைப் பார்த்துச் செய்த காலத்தில் நம்பர் வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்குப் பெரிய அடி 1963இல் விழுந்தது. தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். ஏராளமான பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். 1966இல் அந்தத் தடை தளர்ந்தாலும் 1968இல் தனிச்சட்டமே வந்து, 1990இல்தான் ஒழிந்தது. இன்று ரெடிமேட் காலம். மோதிரம் முதலில் பிறக்கிறது, விரல் பிறகு வருகிறது. அதனால் விரலுக்கு ஒரு நம்பர் வேண்டியிருக்கிறது.

அந்த நம்பரும் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் எழுத்து, அமெரிக்காவில் அரை நம்பர்களோடு ஓர் எண். நம் ஊர்க் கடை நம்பர் சுலபம்: உள்சுற்றளவை மில்லிமீட்டரில் அளந்து 40ஐக் கழித்தால் ஏறக்குறைய வந்துவிடும். 54 மி.மீ. என்றால் 14.

எங்கள் வீட்டில் நடந்த தப்பு இப்போது புரிகிறது. அம்மா தை மாதக் குளிரில், விடியற்காலையில், விரலின் அடியில் நூலைச் சுற்றி அளந்தார். 52 வந்தது. 12 என்று போனில் சொல்லிவிட்டார். குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் உப்பும். அதோடு மோதிரம் தாண்ட வேண்டியது மூட்டை, அடிவிரலை அல்ல. வேண்டியது 14.

மறுவாரம் ராஜபாளையத்தில் ஓர் ஆசாரியிடம் போனோம். மோதிரத்தை வெட்டி, சின்னத் துண்டு தங்கம் வைத்து, பொடி போட்டு ஊதி ஒட்டிக் கொடுத்தார். நான் கணக்குப் போட்டேன். 2 மி.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. கனம் உள்ள வளையத்தில் 2 மி.மீ. நீளம் கூட்ட, 22 காரட்டில் சுமார் 0.1 கிராம் போதும். ஒரு சவரனில் எண்பதில் ஒரு பங்கு! இதற்காகவா ஒரு பெண் பட்டினி கிடந்தாள்?

அக்கா தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டுவிட்டாள், இது அபசகுனமா என்று. அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வெரலும் ஆளு மாதிரிதான் தாயி. காலையில ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. நாமதான் பாத்து அளக்கணும்."

அக்கா சிரித்தாள். மோதிரமும் சரியாக இறங்கியது.

நண்பர்களே, உங்கள் வீட்டில் நிச்சயம் என்றால் மத்தியானத்தில், மூட்டோடு சேர்த்து, இரண்டு மூன்று தடவை அளந்து பாருங்கள். அப்படியும் முட்டினால் கவலை வேண்டாம். வெற்றிலைத் தட்டு மாற்றியாகிவிட்டதா? நிச்சயம் முடிந்தது.