பகடையில படாத வாள்

போன சனிக்கிழமை ஆட்டத்துல நண்பரோட போர்வீரன் ஆறு தடவை வாளை வீசினான். ஆறும் காத்துல! "நமக்கு இது சரிப்படாதுப்பா, அடுத்த வாரம் வரல"ன்னு கிளம்பிட்டார். மனசு கேக்கல. அவருக்குச் சொன்ன கதைதான் இந்தப் பதிவு.

1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டாங்க. காகிதம், பகடை, மிச்சமெல்லாம் கற்பனை. அதுல போர்வீரன் பீமனாவே இருந்தாலும் பலத்துக்குன்னு அடியில கூடுதல் கிடையாது! அது 1975ல வந்த 'கிரேஹாக்' இணைப்புலதான் வந்துச்சு.

2000ல வந்த மூன்றாம் பதிப்பு எல்லாத்தையும் புரட்டிப் போட்டுச்சு. 'ஃபீட்'ங்கற தனித்திறமைகளை நாமே பொறுக்கிக்கலாம். அவ்ளோதான், ஆளாளுக்குக் கால்குலேட்டரோட உக்காந்துட்டாங்க :-)

நாங்க ஆடறதும் அதுதான். நண்பர் எடுத்தது 'பவர் அட்டாக்'. குறியில விட்டுக்கொடுக்கற அளவுக்கு அடி பலமாகும். இருபது முகப் பகடையில 15 விழுந்தாத்தான் படும்ங்கற எதிரிகிட்ட இவர் இன்னும் 5 விட்டுக்கொடுத்தார். 30 சதவீத வாய்ப்பு 5 ஆயிடுச்சு. அப்புறம் எங்க படும்?

அதே பதிப்புல ஓசியிலயே ஒரு வழி இருக்கு. எதிரிக்கு இந்தப் பக்கம் நீங்க, நேரெதிர்ல கூட்டாளி. ரெண்டு பேருக்கும் +2. வாய்ப்பு 40 சதவீதம். மூணு அடி விழற நேரத்துல நாலு!

2014ல வந்த ஐந்தாம் பதிப்புல, சாதகமான நிலைன்னா ரெண்டு பகடை உருட்டிப் பெரிசை எடுத்துக்கலாம். அதே 30 அங்க 51 ஆகும்.

ஆக, திறமையைப் பொறுக்கறதுக்கு முன்னாடி எங்க நிக்கறோம், யாரோட நிக்கறோம்னு பாக்கணும். வர்ற சனிக்கிழமை எதிர்ப்பக்கம் நான் நிக்கறேன்னு சொல்லியிருக்கேன்.

வர்றேன்னுட்டார்.